ஒன்பதாம் வகுப்பு பாட்காஸ்ட் பணி: ஆசிரியர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இப்பருவத்தில் குழுவாகச் சேர்ந்து ஐந்து நிமிட பாட்காஸ்ட் (பதிவுசெய்த ஒலி நிகழ்ச்சி) ஒன்றைத் தயாரிக்க இருக்கிறார்கள். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தே பழகிய பிள்ளைகள், கேட்பவருக்குப் புரிய வேண்டுமே என்ற அக்கறையோடு தாமே எழுதிப் பேச இது பெரிதும் கைகொடுக்கும். 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையம், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் மீன் ஏலம் என நம் பகுதியிலேயே பேசுபொருளுக்குப் பஞ்சமில்லை; ஏலம் விடுபவரின் குரலைச் சில நொடிகள் அப்படியே ஒலிக்கவிட்டு, அதன் பிறகு மாணவி விளக்கத் தொடங்கினால், கேட்பவர் துறைமுகத்துக்கே போய்விடுவார்.

பதிவுக்குச் செல்பேசியே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, செல்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால், 'ப' என்னும் ஒலி காற்றாக வந்து மோதாது. கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் எட்டாத உள்பக்க அறையே ஏற்றது. தொகுப்பதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் உள்ளது.

குரல் வளத்துக்கு மதிப்பெண் வேண்டாம். கேள்விகளின் தரத்துக்கும், கேட்டறிந்ததைச் சரிபார்த்த உழைப்புக்கும் அளிப்போம். திக்கிப் பேசும் மாணவரைத் தொகுப்பு வேலையோடு ஒதுக்கிவிடாமல், அவர் விரும்பினால் அவர் குரலும் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பேட்டி தருபவரின் சம்மதத்தையும் பெற்றோரின் கையொப்பத்தையும் முன்னதாகவே பெற்று, குழுப் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.