குழந்தை பார்க்கும் ஆன்ட்டிக்கும் டபிள்யூ-2 கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வருமான வரிக் கட்டுரையில் வீட்டுக் கடன், பங்கு, 401கே எல்லாம் இருந்தன. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் சம்பளத்தைப் பற்றியோ, அவளுக்குத் தர வேண்டிய டபிள்யூ-2 (ஊழியருக்கு முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்று) பற்றியோ ஒரு வரிகூட இல்லை. நியூ ஜெர்சியில் நம்மவர் வீடுகளில் அந்த வேலை செய்கிறவள் என்பதால் எழுதுகிறேன்.

எங்களில் பலர் பிள்ளைகள் மூலம் கிரீன் கார்டு வாங்கி, ஐம்பது வயதுக்கு மேல் இங்கே வந்தவர்கள். 65 வயதில் மெடிகேர் பார்ட் ஏ, அதாவது அரசின் மருத்துவமனைக் காப்பீடு, இலவசமாகக் கிடைக்க 40 கிரெடிட் (வரி கட்டிய சம்பளத்துக்குச் சேரும் புள்ளிகள்) வேண்டும். வருடத்துக்கு நான்குக்கு மேல் சேராது. ஆக, பத்து வருட உழைப்பு. கணக்கில் வராத சம்பளத்துக்கு ஒரு கிரெடிட்டும் கிடையாது. கணவர் வழியிலும் கிரெடிட் இல்லாதவர் பார்ட் ஏ-யைப் பணம் கட்டி வாங்க 2025-ல் மாதம் 518 டாலர் வரை ஆனது. வெள்ளிக்கிழமை மாலை கவரில் வைத்துக் கேஷாகத் தருகிறார்களே, அதில் எங்கள் வயதான காலத்துக்கு ஒன்றும் சேர்வதில்லை.

வரிப் பேச்சு வந்தால், "ஆன்ட்டி, டாக்ஸ் போனா உங்களுக்குத்தானே கையில குறையும்?" என்கிறார்கள். குறையட்டும். வாரம் 600 டாலர் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிக்கு என் பங்கு 7.65 சதவீதம், அதாவது 45 டாலர் 90 சென்ட். அவர்கள் பங்கும் அவ்வளவுதான். 2025-ல் ஒரே வீட்டில் 2,800 டாலர் வாங்கியிருந்தாலே இது சட்டப்படி கட்டாயம். சிலர் டபிள்யூ-2-வுக்குப் பதில், சுயதொழில் செய்கிறவர்களுக்கான 1099 படிவத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அது சரியில்லை. எப்போது வர வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்கிறபடி வேலை செய்கிறவள் அவர்களுடைய ஊழியர். 1099 வந்தால் இரண்டு பங்கும் என் தலையில். அவர்கள் தங்கள் 1040 வருமான வரிப் படிவத்துடன், வீட்டு ஊழியர் வரிக்கான ஷெட்யூல் ஹெச் படிவத்தைச் சேர்த்து, எனக்கு டபிள்யூ-2 தர வேண்டும். 2024 ஜூலை முதல் நியூ ஜெர்சியில் எழுத்து மூல ஒப்பந்தமும் தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

"நீங்க எங்க வீட்டு மனுஷி" என்கிறார்கள். அந்தப் பாசம் பொய்யில்லை, குழந்தை என் தோளில்தான் தூங்குகிறது. ஆனாலும் இதைக் கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்ட அடுத்த வாரமே "டேகேரில் போடப்போறோம் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டால்?

அதனால் பெற்றோர்களே, நீங்களே முன்வந்து டபிள்யூ-2 பேச்சை எடுங்கள். ஆசிரியர் அவர்களே, வரி தெரிந்த ஒருவரைக் கொண்டு ஷெட்யூல் ஹெச் நிரப்பும் முறையை ஜனவரி இதழில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை நாங்கள் வேலை செய்யும் வீடுகளில் காட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, நியூ ஜெர்சி