ஒரு டிவிடியில் அடங்காத கல்யாணம்

பாம்பன்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கின்றன. ஜூன் 14 முடிந்தால்தான் ஊருக்கு உயிர் வரும். புதுப் பாலத்தில் 2025 ஏப்ரலிலிருந்து ரயில் ஓடுகிறது. நீ இன்னும் அதில் ஏறி வரவில்லை என்பது எனக்கு ஒரு குறைதான்.

அக்கா கல்யாண வீடியோவுக்கு வருகிறேன். மூன்று கேசட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். மூன்றும் மினிடிவி (MiniDV) என்கிற கேமரா கேசட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். மணிக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். ஆக மொத்தம் 39 ஜிபி பக்கம் வந்திருக்கிறது. இதை ஒரே டிவிடியில் போட்டு மண்டபம் ஊரில் இருக்கும் அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். அம்மாவுக்குப் போனில் பார்க்க வராது, டிவிடி பிளேயர்தான் பழக்கம் என்பது சரி. ஆனால் ஒரே டிவிடி வேண்டாம் மாப்ள. இரண்டாகப் போடுவோம்.

காரணம் சொல்கிறேன். டிவிடியின் அட்டையில் 4.7 ஜிபி என்று இருந்தாலும் கம்ப்யூட்டர் அதை 4.38 என்றுதான் காட்டும். அளவு ஒன்றுதான், எண்ணுகிற முறை வேறு. அந்த இடத்தை மூன்று மணி நேரத்துக்குப் பங்கிட்டால் ஒரு நொடிப் படத்துக்குக் கிடைக்கும் இடம் மூன்றரை மெகாபிட்டுக்கும் கீழே வருகிறது. டிவிடி ஏற்கும் படத்தின் உச்சம் 9.8. மூன்றரையில் கல்யாண மண்டபத்துக்குள் எடுத்த காட்சிகள் ஓரளவு தப்பிக்கும். மேடையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் திரை அசையாமல் நிற்கிறது. முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் எழுதிவைப்பதுதான் டிவிடியின் எம்பெக்-2 என்கிற சுருக்கும் முறை. மாற்றம் குறைந்தால் அதற்குக் கொஞ்ச இடமே போதும்.

கடல் அப்படியில்லை. மூன்றாவது கேசட்டில் எல்லாரும் ரோட்டுப் பாலத்தில் நின்று கீழே ரயில் போவதைப் பார்க்கிறார்களே, அதில் பாதித் திரை தண்ணீர்தான். அலையும் வெயில் மினுக்கமுமாக ஒவ்வொரு புள்ளியும் மாறிக்கொண்டே இருக்கிறது. இடம் கொடுக்காவிட்டால் கடல் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். அதோடு ரயிலும் அதற்கு முன்னால் நிற்கும் முகங்களும் கரையும். அது மீட்டர் கேஜ் ரயில், மாப்ள. 2007-ல் அகலப் பாதை வந்தபிறகு அந்த ரயிலே இல்லை. அதைவிட, உன் அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து யாரையோ பார்த்துச் சிரிப்பது அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. அந்த முகத்தைக் கட்டம் கட்டமாக அம்மாவுக்குக் காட்ட எனக்கு மனசு வராது.

அதனால் தாலி கட்டி, ஆசீர்வாதம் முடிந்து, பந்திக்கு எழுந்திருக்கிற இடத்தில் வெட்டலாம் என்று பார்த்திருக்கிறேன். முதல் டிவிடி சுமார் 100 நிமிடம். அதற்கு நொடிக்கு ஐந்தே முக்கால் மெகாபிட் போதும். இரண்டாவது 80 நிமிடம்தான், ஏழுக்கு மேல் கொடுக்கலாம். கடல் அதில்தான் வருகிறது. கம்ப்யூட்டரை இரண்டு சுற்று ஓடவிடுவேன்: முதல் சுற்றில் எந்த இடம் கடினம் என்று அளந்துகொண்டு, இரண்டாவதில் அதற்கேற்பப் பங்கிட்டு எழுதும். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

ஒலியைக் குறைத்து இடம் மிச்சம்பிடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். 192 கிலோபிட்டில் வைத்தால் மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்துக் கால் ஜிபிதான் ஆகும். அதில் கைவைத்து என்ன மிஞ்சப்போகிறது? கச்சான் காற்று இரைச்சலுக்கு நடுவிலும் அப்பா குரல் கேட்கிறது.

8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடியும் இருக்கிறது. ஆனால் பழைய பிளேயர்கள் சில அதைப் படிக்கத் தடுமாறும். நடுவில் படம் நின்றுவிட்டால் அம்மா யாரைக் கூப்பிடுவார்?

இன்னொன்று. டிவிடியில் ஏற்றியதை மூலம் என்று நினைத்துவிடாதே. அது சுருக்கியது, சுருக்கும்போது போனது திரும்ப வராது. இந்த உப்புக் காற்றில் கேசட்டையும் நம்ப முடியாது, பூஞ்சை ஏறிவிடும். அந்த 39 ஜிபியை அப்படியே வைத்திருக்க வேண்டும். என்னிடம் ஒரு பிரதி இருக்கும். நீ ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவை, வரும்போது எடுத்து வா, உனக்கும் ஏற்றித் தருகிறேன்.

பந்தியில் வெட்டுவது உனக்குச் சம்மதமா என்று மட்டும் எழுது. அக்காவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. பதில் வந்ததும் ரைட் பண்ணி, நானே மண்டபம் போய் அம்மாவின் பிளேயரில் இரண்டையும் கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்