கிரீன்ஸ்போரோவுக்கு அந்த வியாழன் இரவைத் திருப்பிக் கொடுங்கள்

டபிள்யூடபிள்யூஈ நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நான் வட கரோலினாவில் குடியிருக்கும் தமிழன். கேபிள் டிவி வந்த புதிதில் உங்கள் ரெஸ்லிங்கைப் பார்த்து, ட்ரம்ப் கார்டில் ஒவ்வொருவரின் உயரத்தையும் எடையையும் மனப்பாடம் செய்து வளர்ந்தவன். உங்களிடம் எனக்கு ஒரே விண்ணப்பம்தான். நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் தாங்ஸ்கிவிங் பண்டிகை இரவில், எங்கள் மாநிலத்துக் கிரீன்ஸ்போரோவில், ஸ்டார்கேட் என்ற ரெஸ்லிங் பெருநிகழ்ச்சியை மறுபடி நடத்துங்கள்.

சில வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் தாங்ஸ்கிவிங் விருந்துக்கு அழைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் அவருடைய அப்பா பர்ஸிலிருந்து ஒரு டிக்கெட் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மடித்து மடித்து நடுவில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. மை போய்விட்டது, சீட் நம்பர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. 1983 நவம்பர் 24, முதல் ஸ்டார்கேட். "சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவ மாட்டோம், அப்படியே கிளம்பிவிடுவோம்" என்றார். மகனுக்கு அப்போது பத்து வயதாம். இருவரும் அன்றைய நட்சத்திர ரெஸ்லர் ரிக் ஃப்ளேரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு முடிய இரவாகிவிட்டது.

அன்று கிரீன்ஸ்போரோ கொலிசியத்தில் 15,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். இரும்புக் கூண்டுக்குள் சாம்பியன் ஹார்லி ரேஸை வீழ்த்தி, வட்டாரக் கம்பெனிகளின் கூட்டமைப்பான என்டபிள்யூஏவின் உலக சாம்பியன் பெல்ட்டை ஃப்ளேர் வாங்கினார். முன்னாள் சாம்பியன் ஜீன் கினிஸ்கிதான் நடுவர். அரங்கில் இடம் கிடைக்காதவர்கள் வேறு ஊர்களில் டிக்கெட் வாங்கி, நேரடியாகக் காட்டிய க்ளோஸ்டு சர்க்யூட் திரையில் பார்த்தார்கள். ஆனால் பண்டிகை இரவில் ரெஸ்லிங் பார்க்கும் பழக்கம் அன்று தொடங்கியதல்ல. கரோலினா வட்டாரத்தில் ரெஸ்லிங் நடத்திய ஜிம் க்ராக்கெட் கம்பெனி 1960களிலிருந்தே தாங்ஸ்கிவிங்கிற்கும் கிறிஸ்துமஸிற்கும் அதே அரங்கில் ரெஸ்லிங் நடத்தி வந்தது. அந்தக் கம்பெனியின் ரெஸ்லரும் சண்டைகளைத் திட்டமிட்டவருமான டஸ்டி ரோட்ஸ் அதை ஒரு பெருவிழாவாக்கினார், அவ்வளவுதான்.

ஏன் பண்டிகை நாள்? அந்தக் காலத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கம்பெனி. வாரா வாரம் அதே ஊர்களுக்குப் போவார்கள். டிவியில் மாதக்கணக்காகப் பகையை வளர்த்துக்கொண்டு வந்து, தீர்க்கும் சண்டையைப் பண்டிகை இரவுக்கு வைப்பார்கள். அன்று வெளியூர்ப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருப்பார்கள், கடைகள் அடைத்திருக்கும், சாயங்காலத்துக்கு மேல் செய்ய ஒன்றும் இருக்காது. தீபாவளி ரிலீசுக்குக் குடும்பத்தோடு கிளம்பிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

டல்லாஸில் அது கிறிஸ்துமஸ் இரவு. 1982 டிசம்பர் 25 அன்று ரியூனியன் அரீனாவில் உள்ளூர் நாயகன் கெர்ரி வான் எரிக், ஃப்ளேரோடு கூண்டுக்குள் மோதினார். இன்னொரு ரெஸ்லரான டெர்ரி கோர்டி கூண்டுக் கதவைக் கெர்ரியின் தலையில் அறைந்து சாத்தினார். அந்த ஒரு கதவுச் சத்தத்திலிருந்து வருடக்கணக்காக ஓடிய பகை பிறந்தது.

1987இல் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்டார்கேட் நடந்த அதே தாங்ஸ்கிவிங் நாளில் நீங்கள் சர்வைவர் சீரிஸ் என்ற போட்டி நிகழ்ச்சியைத் தொடங்கினீர்கள். ஸ்டார்கேடைக் காட்டினால் உங்கள் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா அடுத்த முறை கிடைக்காது என்று கேபிள் கம்பெனிகளிடம் சொல்லப்பட்டது. பெரும்பாலோர் உங்கள் பக்கம் வந்தார்கள். க்ராக்கெட் தரப்பும் தவறு செய்தது: அந்த ஆண்டு நிகழ்ச்சியைக் கிரீன்ஸ்போரோவிலிருந்து சிகாகோவுக்குக் கொண்டுபோனது. அதுவரை வருடா வருடம் வந்துகொண்டிருந்த கூட்டத்துக்குச் செய்த பெரிய துரோகம் அது என்பேன். மறுவருடம் க்ராக்கெட் கம்பெனியே கைமாறி, பிறகு டபிள்யூசிடபிள்யூ என்ற பெயரில் நடந்தது. ஸ்டார்கேட் டிசம்பருக்குப் போய்விட்டது. சர்வைவர் சீரிஸும் 1991இல் புதன்கிழமைக்கும் 1995இல் ஞாயிற்றுக்கிழமைக்கும் போனது. ஆக, எதற்காக அத்தனை சண்டை போட்டீர்களோ அந்த வியாழக்கிழமை இன்று யாரிடமும் இல்லை.

2001இல் டபிள்யூசிடபிள்யூவை வாங்கியபோது ஸ்டார்கேட் என்ற பெயரும் உங்களிடம் வந்தது. 2017இல் கிரீன்ஸ்போரோவில் அந்தப் பெயரில் ஒரு நிகழ்ச்சி நடத்தினீர்கள். மனமார்ந்த நன்றி. ஆனால் அது தாங்ஸ்கிவிங் முடிந்து வந்த சனிக்கிழமை, டிவியிலும் வரவில்லை. அடுத்த வருடமே சின்சினாட்டிக்குப் போய்விட்டது. இப்போது சர்வைவர் சீரிஸில் நீங்கள் நடத்தும், இரண்டு அணிகள் கூண்டுக்குள் மோதும் வார்கேம்ஸ்கூட டஸ்டி ரோட்ஸின் யோசனைதான். முதன்முதலில் நடந்தது அட்லாண்டாவில், 1987 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம், அதுவும் ஒரு விடுமுறை நாள்.

ரெஸ்லர்களுக்கும் குடும்பம் உண்டு, பண்டிகையன்று வேலையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விருப்பப்பட்டவர்களை மட்டும் அழையுங்கள், இரட்டைச் சம்பளம் கொடுங்கள், அவர்கள் வீட்டாருக்கு முன்வரிசையில் இடம் போடுங்கள். கரோலினாவின் சிறு கம்பெனிகளில் வார இறுதி தோறும் சண்டை போடும் இளைஞர்களுக்கு முதல் இரண்டு மேட்ச்களைக் கொடுங்கள். டிக்கெட் விலை நான்கு பேர் உள்ள குடும்பம் தாங்கும்படி இருக்கட்டும்.

முதல் ஸ்டார்கேடின் ஐம்பதாம் ஆண்டு 2033 நவம்பர் 24. காலண்டரைப் பாருங்கள், அன்றும் வியாழக்கிழமை, அன்றும் தாங்ஸ்கிவிங். அந்த நாளைக் கட்டாயம் விட்டுவிடாதீர்கள். ஆனால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அந்தப் பெரியவருக்கு இப்போதே எண்பது தாண்டிவிட்டது.

இப்படிக்கு,
வட கரோலினாவிலிருந்து ஒரு ரசிகன்