கரை ஒதுங்கும் அடையாளம் தெரியாத உடல்களின் பற்களைப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
தெற்குவாடி மீனவக் குடும்பங்கள்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: அடையாளம் தெரியாத உடல்களை அடக்கம் செய்யும் முன் பல் பதிவு எடுக்க ஆணையிட வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் தொழிலுக்குப் போய்த் தவறியவர்களின் உடல் கரை ஒதுங்கும்போது, பெரும்பாலும் முகத்தை மீனும் நண்டும் விட்டுவைப்பதில்லை. நாட்கணக்கில் உப்புநீரில் ஊறிய விரல்களின் தோல் கழன்று, ரேகை எடுப்பதும் கடினமாகிவிடுகிறது. கைலியையும் அரைஞாண் கயிற்றையும் பார்த்துத்தான் குடும்பத்தார் ஆளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே கைலி ஊரில் பத்துப் பேரிடம் இருக்கும்.

பற்கள் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. மனித உடலிலேயே மிகக் கடினமானது பல்லின் எனாமல். அதன் காப்பில், பல்லின் உள்ளே இருக்கும் மென்மையான திசுவான பற்கூழிலிருந்து மரபணு மாதிரியும் எடுக்க இயலும். எந்தப் பல் விழுந்தது, எது அடைக்கப்பட்டது, வேர் எப்படி வளைந்துள்ளது என்பவற்றை உயிரோடிருந்தபோது எடுத்த எக்ஸ்ரேயுடன் ஒப்பிட்டு ஆளை உறுதிசெய்யலாம் என்பதாலேயே, பேரிடரில் இறந்தோரை அடையாளம் காண்பதற்கான, பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போலின் நெறிமுறை, கைரேகைக்கும் மரபணுவுக்கும் இணையாகப் பற்களையும் முதன்மைச் சான்றாக ஏற்கிறது. 2004 ஆழிப்பேரலையில் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டவர் பலர் இவ்வாறே அடையாளம் காணப்பட்டனர். (கடித்தடத்தை வைத்துக் குற்றவாளியைச் சுட்டும் முறை அறிவியலாளர்களிடையே கடும் ஐயத்துக்கு உள்ளானது, நாங்கள் கேட்பது அதுவன்று.)

எங்களவர் பல் மருத்துவரிடம் போவதே அரிது, ஒப்பிட எக்ஸ்ரே ஏது என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் கைப்பேசியில் பல் தெரியச் சிரிக்கும் படம் இல்லாத வீடு இங்கில்லை. தெற்றுப்பல்லும், முனை உடைந்த முன்பல்லும் அதில் தெளிவாகவே தெரியும்.

உடல் இன்னாருடையது என்று உறுதியாகாவிட்டால் இறப்புச் சான்றிதழ் கிடைப்பதில்லை. ஏழாண்டுகள் தகவலே இல்லாதிருந்தால்தான் இறந்தவராகக் கருதச் சட்டம் இடமளிக்கிறது. அதுவரை நிவாரணமும் வங்கிக் கணக்கும் முடங்கிக் கிடக்க, வீட்டுப் பெண்கள் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள்.

ஆகவே, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்கீழ் விசாரணைக்கு வரும் அடையாளம் தெரியாத ஒவ்வோர் உடலுக்கும், அடக்கத்துக்கு முன் அரசுப் பல் மருத்துவரைக் கொண்டு பல் வரைபடமும் ஒளிப்படமும் எக்ஸ்ரேயும் எடுக்கவும், ஒரு கடைவாய்ப்பல்லைப் பாதுகாத்து வைக்கவும், நீரோட்டம் உடலை வெகுதூரம் கொண்டுபோவதால் அப்பதிவைத் தூத்துக்குடி, புதுக்கோட்டை, நாகை கடலோரக் காவல் நிலையங்களுக்கும் அனுப்பவும் ஆணையிடுமாறு பணிந்து வேண்டுகிறோம். மீன்பிடித் தடைக்காலத்தில் கடற்கரை ஊர்களில் பல் மருத்துவ முகாம் நடத்தி, விரும்புவோரின் பதிவுகளை மட்டும் அவர்களது ஒப்புதலுடன் மீன்வளத் துறையில் பேணவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தெற்குவாடி மீனவக் குடும்பங்கள்