சலுகை பத்தாம் வகுப்பில், பாடம் எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் சிரமப்பட வைக்கும் கற்றல் குறைபாடு, உள்ள மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கிடைக்கும் சலுகைகள் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று எல்லாம் தெளிவாக இருந்தது. பல பெற்றோருக்கு உதவும், நன்றி. ஆனால் படித்து முடித்த பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்து சேரும் வரை அதற்கு யார், எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற பேச்சே கட்டுரையில் இல்லை. நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. என் கவலையெல்லாம் அந்த வருடங்களைப் பற்றித்தான்.

என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். கதை சொன்னால் சிங்கத்துக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல் என்று அப்படியே திருப்பிச் சொல்வான். பலகையில் ‘கோழி’ என்று எழுதினால் ஒரு நாள் ‘காழி’ என்பான், மறுநாள் ‘கேழி’ என்பான். இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது சுலபம். கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: இரட்டைக் கொம்பு முன்னால் நிற்கிறது, நடுவில் க, அப்புறம் கால். மூன்றையும் சேர்த்து ஒரே ஓசையாகச் சொல்ல வேண்டும், அதிலும் முதலில் கண்ணில் படுகிற கொம்பின் ஓசை க-வுக்குப் பிறகுதான் வரும். மற்ற பிள்ளைகள் பார்த்துப் பார்த்துத் தாமாகவே பிடித்துக்கொள்கிறார்கள். இவனுக்கு யாராவது உடைத்துச் சொல்லித்தான் ஆக வேண்டும். உகர வரிசை இன்னும் கஷ்டம். கு, சு, து என்று பார்த்தால் சேரும் ‘உ’ ஓசை ஒன்று, வடிவம் மூன்று.

கொம்பையும் காலையும் சிவப்பிலும் க-வை நீலத்திலும் எழுதிக் காட்டி, சிவப்பு இரண்டும் ஒரே ஆள் என்று சொல்லி, மணல் பரப்பிய தட்டில் விரலால் எழுத வைத்து, எழுதும்போதே ‘க், ஓ, கோ’ என்று வாய்விட்டுச் சொல்ல வைத்து, அந்த வாரம் முழுக்க வேறு வரிசை எதையும் தொடாமல் இருந்தால் அவனுக்குப் பிடி கிடைக்கிறது. கண், காது, வாய், விரல் எல்லாம் ஒன்றாக வேலை செய்கிற இந்த வழி புதிது இல்லை. ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் 1930-களில் அமெரிக்காவில் தொடங்கி வைத்தது. அவர்கள் ஆங்கிலத்துக்காகச் செய்தார்கள், தமிழ் எழுத்துக்கு ஏற்றபடி நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ள பிள்ளைகள் இப்படிச் சொல்லிக்கொடுத்தால் வாசிக்கிறார்கள். மெதுவாகத்தான், ஆனால் வாசிக்கிறார்கள். அந்தப் பையன் இப்போது ‘தோட்டம்’ என்ற சொல்லைத் தானாக எழுதுகிறான், ட்-டுக்குப் புள்ளி வைக்க மட்டும் மறந்துவிடுவான்.

தப்பு விட்ட சொல்லைப் பத்து தடவை எழுதிவா என்பதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். தப்பாகவே பத்து தடவை எழுதிக்கொண்டு வரும், கையும் வலிக்கும். எல்லார் முன்னாலும் எழுப்பிச் சத்தமாக வாசிக்க வைப்பதும் வேண்டாம். சூழ்நிலையியல் பாடத்தில் பதிலை வாயால் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாமே, அங்கே நாம் சோதிப்பது செடியின் பாகங்களைத்தானே தவிர எழுத்துப்பிழையை இல்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதை எல்லாரும் சலுகைக்குக் காட்டும் குறைபாட்டுச் சான்றிதழுக்கான சட்டமாகவே பார்க்கிறார்கள். அதே சட்டத்தின் 16-வது பிரிவு, குறைபாட்டை முடிந்தவரை சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்ற முறையில் கற்பிக்க வேண்டும் என்கிறது. சான்றிதழ் வாங்கவே பிள்ளைக்கு எட்டு வயது வாக்கில் ஆகிவிடும், சொல்லிக்கொடுக்க அதுவரை காத்திருக்கத் தேவையே இல்லை. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம், நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு பிள்ளை அரும்பிலேயே நின்றுவிட்டால் ஏன் நிற்கிறது என்று பார்க்க வகுப்பாசிரியருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அது தெரிந்தவர்கள், வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர்கள். அவர்களோ தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாக அலைகிறார்கள். தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவை உள்ள 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-இலேயே சொல்லியிருக்கிறது. ஒரு பயிற்றுநர் எப்போதாவது வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் எந்தப் பிள்ளைக்கு என்ன வரும்? அவர்களைக் குறை சொல்லவே முடியாது, ஆள் போதவில்லை.

நிரந்தரப் பணியிடங்கள் வரட்டும், வர வேண்டும். அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சிகளில் எங்களுக்கு எத்தனையோ தலைப்புகளில் வகுப்பு எடுக்கிறார்கள். அதில் ஒரு அமர்வைச் சிறப்புப் பயிற்றுநர் கையில் கொடுங்கள். படக்காட்சி எதுவும் வேண்டாம், ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையின் நோட்டை எடுத்துக்கொண்டு போகட்டும், அந்தப் பிழைகளை வைத்தே அடுத்த வாரம் என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்து பேசட்டும். உங்கள் இதழும் அடுத்த கட்டுரையை இரண்டாம் வகுப்பிலிருந்து தொடங்கினால் நன்றாக இருக்கும். எங்கள் பள்ளிக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர் உங்கள் நிருபரிடம் பேசத் தயாராக இருக்கிறார், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்