அடுத்த ஊரடங்கு உத்தரவை எழுதப் போகிறவர்களுக்கு

ஐயா, அம்மா, வணக்கம்.

நான் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். எங்களுடையது கைத்தறி வீடு. வீட்டுக்காரர் தறியில் உட்காருவார், நான் நூல் சுற்றிக் கொடுப்பேன். அடுத்த தொற்றுநோய் நாளைக்கே வரலாம், இருபது வருஷம் கழித்தும் வரலாம். வரும்போது கடைகளை எத்தனை மணிக்குத் திறப்பது, எத்தனை மணிக்கு அடைப்பது என்று ஒரு தாளில் எழுத வேண்டியவர்கள் நீங்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2020 ஏப்ரல் 25, சனிக்கிழமை. அந்த நாளை எங்கள் தெருவில் யாரும் மறக்கவில்லை. கொரோனா ஊரடங்கு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. காலை 6 மணி முதல் மதியம் 1 மணி வரை கடை என்ற கணக்குக்கு எல்லோரும் பழகியிருந்தோம். வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது: சேலத்திலும் திருப்பூரிலும் 26 முதல் 28 வரை மூன்று நாள் முழு ஊரடங்கு, சென்னை, கோவை, மதுரையில் 29 வரை நான்கு நாள். நடுவில் இருந்தது ஒரே ஒரு காலை.

நான் ஐந்தரை மணிக்கு மளிகைக் கடைக்குப் போனேன். ரோட்டில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். எல்லா வட்டத்திலும் ஏற்கனவே பை இருந்தது. கட்டைப்பை, மஞ்சள் பை, ஒரு வட்டத்தில் ஜோடிச் செருப்பு. பைக்குச் சொந்தக்காரர்கள் எதிர்ப்பக்கத் திண்ணையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வட்டங்களுக்கு நடுவில் மூன்றடி இடைவெளி சரியாக இருந்தது, ஆட்களுக்கு நடுவில் இல்லை. கடை திறந்ததும் பைகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஒரேயடியாக எழுந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முகக்கவசம் மூக்கை விட்டு இறங்கிக் கிடந்தது. பின்னால் இருந்து தள்ளியதில் அவர் என் மேல் சாய்ந்து நின்றார். அன்றைக்குக் கடை நேரம் மதியம் 3 மணி வரை நீட்டிக்கப்பட்டது என்று சொன்னபோது நான் சாமான் வாங்கி வீட்டுக்கு வந்திருந்தேன். நெரிசல் முடிந்த பிறகு வந்த இரண்டு மணி நேரம் அது.

நேரத்தைக் குறைத்தால் கூட்டம் குறையும் என்று நினைத்து எழுதியிருப்பார்கள், அதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் சாப்பிடுகிற வாய்கள் அதே எண்ணிக்கைதானே? பதினான்கு மணி நேரத்தில் பிரிந்து வரும் ஜனம் ஏழு மணி நேரத்துக்குள் வந்தால், ஒவ்வொரு மணிக்கும் கூட்டம் இரண்டு மடங்காகிறது. அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

'ஒரே நாளில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளலாமே' என்று அப்போது நிறையப் பேர் சொன்னார்கள். சம்பளம் மாதத்தின் முதல் தேதியில் வருகிற வீட்டுக்கு அது சரி. எங்கள் வீட்டில் சேலை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. தறியில் இருந்த பாவு, அதாவது நீளவாக்கில் பூட்டுகிற நூல், மார்ச் கடைசியிலேயே தீர்ந்துவிட்டது, அடுத்த பாவு வரவில்லை. ரேஷன் அரிசி கிடைத்தது, டோக்கன் போட்டுக் கொடுத்த ஆயிரம் ரூபாயும் கிடைத்தது. அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அரிசி மட்டும் இருந்தால் குழம்பு ஆகாது. பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்கு டீத்தூள், கால் கிலோ துவரம்பருப்பு என்று அன்றன்றைக்கு வாங்குவதுதான் எங்கள் பழக்கம். பழக்கம் என்று சொல்வதைவிட, கையில் அவ்வளவுதான் இருக்கும் என்று சொல்வது சரி. மூன்று நாளைக்குக் கடை இல்லை என்றால், மூன்று நாள் காசு இன்றைக்கே வேண்டும்.

அன்றைக்கு என்னிடம் 180 ரூபாய் இருந்தது. கடைக்கார அண்ணன் என் பையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மூணு நாளைக்கு இது போதுமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இன்னும் அரைக் கிலோ பருப்பும் அரை லிட்டர் எண்ணெயும் எடுத்து வைத்து, "நோட்டுல எழுதிக்கிறேன், போ" என்றார். பின்னால் நாற்பது பேர் கத்திக்கொண்டு நின்ற நேரத்தில் அந்த மனிதர் இதைக் கவனித்தார்.

அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் பட்ட பாடு எந்த அறிவிப்பிலும் இல்லை. எங்கள் மாதிரித் தெருக்கடைகளுக்குச் சரக்கு செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் இருந்துதான் வர வேண்டும். மொத்தக் கடை திறந்திருக்கும் நேரமும் சில்லறைக் கடை திறந்திருக்கும் நேரமும் ஒன்றாகவே இருந்தால் அவர் எங்கே நிற்பார்? சரக்கு எடுக்கப் போனால் இங்கே கடையை அடைக்க வேண்டும். கடையில் நின்றால் சரக்கு தீர்ந்துபோகும். டிவிஎஸ் 50-யில் பருப்பு மூட்டையோடு வரும்போது நடுவழியில் நிறுத்தி, எதற்கு வெளியே வந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். மூட்டையே பதில் சொல்கிறது. இருந்தாலும் அரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்தார். அந்த அரை மணி நேரம் இங்கே கடை வாசலில் வரிசை நீண்டது. சில்லறைக்குக் காலை, மொத்த வியாபாரத்துக்கு மாலை என்று பிரித்திருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்திருக்கும். அவர் மாதிரி ஆட்களுக்குக் கழுத்தில் மாட்டும் ஓர் அட்டை கொடுத்திருந்தால் மீதியும் தீர்ந்திருக்கும்.

அவர் கடை வாசலில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் எப்போதும் இருக்கும், பக்கத்தில் சோப்பு. காசை ஒரு எவர்சில்வர் தட்டில் வைக்க வேண்டும். யாரும் சொல்லாமல் அவராகச் செய்தது.

வண்டியில் நூறு ரூபாய் காய்கறிப் பை வந்ததையும் சொல்கிறேன். நல்ல யோசனை, வாசலுக்கே வந்தது. ஆனால் நூறு ரூபாய் என்பது எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு இரண்டு நாள் செலவு. பையைப் பிரித்துத் தர மாட்டோம் என்றார்கள். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஐம்பது ஐம்பது போட்டு ஒரு பை வாங்கினோம். வாசல்படியில் வைத்துத் தக்காளியை எண்ணி, கத்தரிக்காயை எண்ணி, சௌசௌவை நடுவில் அரிவாள்மனையில் வகிர்ந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். அவ்வளவு நேரம் இரண்டு பேரும் முகத்துக்கு நேர் முகமாக உட்கார்ந்திருந்தோம். ஐம்பது ரூபாய்ப் பை ஒன்று போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

என் தங்கையை ஏற்காட்டில், நாகலூருக்கும் அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். காபித் தோட்ட வேலை. 'வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே வாங்குங்கள்' என்ற வார்த்தை சேர்வராயன் மலையில் எப்படிப் பொருந்தும்? பஸ் நின்றுவிட்டது. அவர்கள் ஊரில் இருந்த ஒரே பெட்டிக்கடைக்குச் சரக்கு வரவில்லை. நடந்து ஏற்காடு டவுனுக்குப் போய்ச் சேர்ந்தால் கடை அடைக்கிற நேரம் ஆகிவிடும். சாமைச் சோறும் பலாக்கொட்டைக் குழம்புமாக ஓட்டினோம் என்று போனில் சொன்னாள். உப்பும் எண்ணெயும் மண்ணெண்ணெயும்தான் அவளுக்குக் கவலை. மலைக்கு வாரம் ஒரு முறை சாமான் ஏற்றிய வண்டி எந்தக் கிழமை எந்த ஊருக்கு வரும் என்று தண்டோரா போட்டுச் சொல்லியிருந்தால் போதும். மலைக்கு வேறு நேரம், வேறு விதி வேண்டும், ஐயா. டவுனுக்கு எழுதியதை அப்படியே மேலே அனுப்பக் கூடாது.

சரியாகச் செய்ததும் உண்டு, அதையும் எழுதி வைக்கிறேன். 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்றபோது, 22, 23 இரண்டு நாளும் கடைகளை இரவு 9 மணி வரை திறந்து வைத்தார்கள். நான் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு அதே கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நான்கு பேர்தான். அப்புறம் அந்த ஜூனில் ரேஷனில் வந்த 14 பொருள் பை. கடுகு நூறு கிராம், சீரகம் நூறு கிராம், புளி, உளுந்து, குளிக்கிற சோப்பு, துணி சோப்பு. அந்தப் பட்டியலை எழுதியவர் அடுப்படியில் நின்று பழகியவர் என்று பையைப் பிரித்தபோதே எனக்குத் தோன்றியது. அதில் எண்ணெய் இல்லை. அந்த வருஷம் எண்ணெய் விற்ற விலைக்கு அரை லிட்டராவது சேர்த்திருக்கலாம்.

நான் கேட்பது அந்தக் கண். கடை நேரத்தை எழுதும்போதும் அடுப்படியைத் தெரிந்தவர் ஒருவர் உங்கள் மேசையில் இருக்க வேண்டும். முழு அடைப்பு என்றால் குறைந்தது இரண்டு முழு நாள் முன்னதாகச் சொல்லுங்கள், அந்த இரண்டு நாளும் ராத்திரி வரை கடையைத் திறந்து விடுங்கள். கையில் காசில்லாதவர்களுக்குப் பணம் அடைப்புக்கு முன்னால் வந்து சேரட்டும், அடைப்பு முடிந்து வந்தால் கடன் கட்டத்தான் உதவும்.

என் பெயரில் அந்த நோட்டில் 2,340 ரூபாய் ஏறியிருந்தது. தீபாவளிக் கூலி வந்துதான் அடைத்தேன். அண்ணன் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, வட்டி ஒரு பைசா வாங்காமல் பக்கத்தைத் திருப்பினார். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் வீட்டில் சுகர்காரர்கள், யார் நான்கு நாளாகக் கடைக்கு வரவில்லை என்று எங்கள் தெருவில் அவருக்குத்தான் தெரியும். அடுத்த முறை உத்தரவு எழுத உட்காரும்போது அவரையும் கூப்பிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் வைத்தால், கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார்.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் வீட்டுப் பெண்