நீ அனுப்பிய கடல் படம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள தோழிக்கு,

கடிதமும் படமும் கிடைத்தன. ஹோட்டல் ஜன்னலுக்கு வெளியே கடல், மேசையில் பாதி குடித்த தேநீர். அழகுதான், ஆனால் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. தெளிவு குறையக் கூடாதென்று வட்ஸ்அப்பில் அதை ஆவணமாக அனுப்பியிருந்தாய். அப்படி அனுப்பினால் படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பும் கூடவே வந்துவிடும். அண்ணாவின் தொலைபேசி திருத்தும் கடையில் கல்லாவில் இருந்தபடியே விவரத்தைத் திறந்தேன். வரைபடத்தில் உன் ஹோட்டல், தெருப் பெயரோடு! கமராவுக்குக் கொடுத்திருக்கும் இட அனுமதியை இன்றைக்கே நிறுத்திவிடு.

எஸ்கோர்ட் வேலை, அதாவது பணத்துக்குப் பாலியல் தொழில், செய்கிறேன் என்று காலி முகத்திடலில் நீ சொன்ன அந்த மாலை எனக்கு மறக்கவில்லை. வாங்கிய இறால் வடையைக் கடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றாய். அன்று சொன்னதைத்தான் இன்றும் சொல்கிறேன்: உன் வாழ்க்கையை யாரிடம் சொல்வது என்பது உன் முடிவு. நீ இருக்கும் சிட்னியில் 1995 முதல் அது குற்றமில்லாத தொழில். இங்கேயோ வெள்ளைக்காரன் 1841 இல் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் எத்தனை பெண்களைப் பொலிஸ் நிலையத்துக்கு இழுத்திருக்கிறது! சட்டத்தைவிட எனக்கு நம் ஒழுங்கைகள்தான் பயம். உருத்திரா மாவத்தையில் காலையில் விழுந்த பேச்சு மாலைக்குள் இராமகிருஷ்ண வீதிக்கு வந்துவிடும். உன் அம்மா இன்னும் அங்கேதான் மரக்கறி வாங்கப் போகிறார்.

ஒரே தொலைபேசியில் இரண்டு சிம் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். போதாது. தொடர்புப் பட்டியலைப் பல செயலிகள் துழாவும். 2017 இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதினார்: தொழிலுக்கு வேறு பெயர், வேறு எண், வேறு மின்னஞ்சல் என்று கவனமாக இருந்த ஒரு பெண்ணின் சொந்த பேஸ்புக்கில், அவளுடைய வாடிக்கையாளர்களின் முகங்கள் ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று வந்து நின்றனவாம். தொழிலுக்குத் தனித் தொலைபேசி வாங்கு. விளம்பரத்துக்கு எடுக்கும் படம் எதுவும் உன் சொந்தப் பக்கத்தில் இருக்க வேண்டாம். முகத்தை வைத்தே ஆளைத் தேடும் தளங்கள் வந்துவிட்டன.

போர்டிங் பாஸை ஹோட்டல் குப்பைக்கூடையில் போடாதே. அதிலுள்ள பதிவு இலக்கமும் குடும்பப் பெயரும் கிடைத்தால் பல விமான நிறுவனங்களில் உன் பயண விவரம் முழுவதையும் திறந்து பார்த்துவிடலாம். பெட்டியில் தொங்கும் முகவரி அட்டையையும் கழற்றிவிடு.

அடுத்த மாதம் ஒக்லாந்து என்றாய். நியூசிலாந்து 2003 இலேயே இந்தத் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது உண்மைதான். ஆனால் தற்காலிக விசாவில் வருபவர்களுக்கு அங்கே அந்த வேலை செய்ய அனுமதியில்லை. உன் விசா எந்த வகையில் சேரும் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்காதே. அமெரிக்கா இன்னும் கடினம்: கடந்த பத்து ஆண்டுகளுக்குள் இந்தத் தொழில் செய்தவர்களைத் திருப்பி அனுப்ப அவர்களுடைய குடிவரவுச் சட்டத்தில் இடமுண்டு. உன் ஊரில் அது சட்டப்படியான தொழிலா என்று அங்கே பார்க்க மாட்டார்கள். எல்லையில் தொலைபேசியையும் வாங்கிப் பார்க்கக்கூடும்.

இவ்வளவையும் மறைக்கச் சொல்லிவிட்டு ஒன்றை மறைக்காதே என்கிறேன். எங்கே இருக்கிறாய் என்பது ஓர் ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆள் நானாக இருக்கிறேன். போய் இறங்கியதும் ஹோட்டல் பெயரையும் அறை எண்ணையும் சிக்னல் செயலியில் அனுப்பு, ஒரு நாளில் தானாக அழியும்படி வைத்து. வேலை முடிந்து கதவைப் பூட்டியதும் ஒரு சொல் போதும். கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாம் எழுதிக்கொள்வோமே, அந்தச் சொல். அது வராவிட்டால் அங்கே நான் யாரை அழைக்க வேண்டும் என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. கடையைப் பூட்டினாலும் தொலைபேசி என் தலைமாட்டில்தான் இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழி